முதல் ஊசிக்கு முன் எடுக்க வேண்டிய சளி

மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குச் சளி மாதிரியோடு வரும் படிவத்தில் ‘ஆன்டிபயாடிக் தொடங்கிய தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே வரும். நிரப்பி வந்தால், மாதிரி எடுத்த நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் முந்தைய தேதி அதில் இருக்கும். அதற்கும் முன்னால் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிய அசித்ரோமைசின் மாத்திரைகளும், பக்கத்துக் கிளினிக்கில் போட்டுக்கொண்ட ஊசியும் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. நிமோனியாவோடு வரும் பெரியவர்களுக்கு எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்று எழுத வேண்டுமென எனக்குத் தோன்றியதற்கு அந்தக் காலிக் கட்டமே காரணம்.

நிமோனியாவுக்கு முதன்மையான பாக்டீரியாவான நிமோகாக்கஸ் மிக மென்மையான கிருமி. பொருத்தமான மருந்து ஓரிரு வேளை உள்ளே போனாலே அது சளியிலிருந்து மறையத் தொடங்கிவிடும். எடுத்த சளியை வெளியே நேரம் கடத்தி வைத்தாலும் தானே சிதைந்துபோகும் இயல்பு அதற்கு உண்டு. ஆகவே மூன்றாம் நாள் எடுக்கும் சளியில், கொடுத்த மருந்துக்கு அசையாமல் வாயிலும் தொண்டையிலும் புதிதாகக் குடியேறிய கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவோ கேன்டிடா என்ற பூஞ்சையோதான் வளர்ந்து நிற்கும். அறிக்கையில் அந்தப் பெயரைப் பார்க்கும் மருத்துவர், நோயாளி தேறிக்கொண்டிருக்கும் நிலையிலும், அதையே நோய்க்குக் காரணமாக எடுத்துக்கொண்டு மெரோபெனெம் போன்ற வலிய மருந்துக்கு மாற்றிவிடுகிறார். காலம் தவறிய பரிசோதனையால் பணம் வீணாவது சிறிய இழப்பு. சிகிச்சையே திசைமாறிப் போவதுதான் பெரிய இழப்பு.

மருத்துவமனைக்கு வெளியே, அன்றாட வாழ்க்கையின் நடுவில் தொற்றிய நிமோனியாவைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். வேறு நோய்க்காகச் சேர்ந்து, இரண்டு நாட்களுக்குப் பிறகு வார்டிலோ வென்டிலேட்டரிலோ தொற்றிக்கொள்ளும் நிமோனியா வேறு வகை. அதன் கிருமிகள் வேறு, கணக்கும் வேறு.

பரிசோதனைக் கூடத்தின் பல அடிப்படைக் கருவிகள் நிமோனியாவைத் தேடிப் போனவர்களால்தான் கிடைத்தன என்பதை மருத்துவம் படிப்பவர்கள்கூட அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் கார்ல் ஃப்ரீட்லாண்டரின் பிணக்கூறாய்வு அறையில், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தனித்துக் காண வழி தேடியபோதுதான், இன்று உலகமெங்கும் அவர் பெயரால் வழங்கும் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்து 1884இல் வெளியிட்டார். இப்போது எந்தக் காய்ச்சலுக்கும் எழுதித் தரப்படும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை அளப்பது, 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் ஃப்ரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரில் கண்ட புரதம். நிமோகாக்கஸின் உறைப்பொருள் சிறுநீரில் வெளியேறுகிறது என்பதை அதே நிறுவனத்தில் டோஷேயும் ஏவரியும் 1917இலேயே காட்டிவிட்டார்கள். அந்த அறிவை அட்டைப் பரிசோதனையாகக் கையில் தர உலகம் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆன்டிபயாடிக்குகள் வருவதற்கு முன்பு, 1910களிலிருந்து 1930களின் இறுதிவரை, நிமோகாக்கஸ் நிமோனியாவுக்கு இருந்த உண்மையான சிகிச்சை, குதிரையிலோ முயலிலோ தயாரித்த எதிர்ச்சீரம், அதாவது கிருமியை எதிர்க்கும் பொருள்கள் கொண்ட ரத்தநீர். அந்தச் சீரம் கிருமியின் வகைக்கு ஏற்ப மாறும். ஒரு வகைக்கானது இன்னொரு வகையிடம் வேலை செய்யாது. எனவே நோயாளியின் சளியை எடுத்து, கிருமியின் வகையை அறிந்த பின்னரே மருத்துவரால் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. எந்த வகைச் சீரத்தைச் சேர்த்தால் கிருமியின் உறை வீங்கித் தெரிகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து, சில மணி நேரத்துக்குள் வார்டுக்கு விடை சொல்லும் திறமை அன்றைய ஆய்வகங்களில் இருந்தது. 1938இல் சல்ஃபாபிரிடினும், அடுத்த சில ஆண்டுகளில் பெனிசிலினும் வந்தன. எந்த வகைக் கிருமியானாலும் ஒரே மருந்து என்றானதும், வகை பார்ப்பது சில ஆண்டுகளுக்குள் வழக்கொழிந்தது; அதனோடு சளியைக் கவனித்துப் பார்க்கும் பழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவியது. மருந்து எளிதாகக் கிடைத்ததால் நோயின் காரணத்தைக் கேட்க வேண்டிய அவசியம் நமக்குக் குறைந்துபோனது என்றே நான் எண்ணுகிறேன். மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருக்கும் இன்றைய நிலையில் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. காய்ச்சல், இருமல், மூச்சு இழுக்கையில் நெஞ்சில் குத்தல் என்று நடந்தே வரும் நாற்பது வயதுக்காரருக்கு வேறு நோய்கள் இல்லை, மூச்சின் வேகம் சரியாக இருக்கிறது, ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது என்றால், ஒரு மார்பு எக்ஸ்ரேயும் நல்ல பரிசோதனையுமே போதும். அவருக்குச் சளிக் கல்ச்சரோ ரத்தக் கல்ச்சரோ (மாதிரியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் தொற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இந்திய மார்பு நோய் அமைப்புகள் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் புறநோயாளிகள் விஷயத்தில் ஒரே குரலில் இதைத்தான் சொல்கின்றன. நம் ஊரில் அவரிடம் கூடுதலாக ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தாலும், காசநோய்க்கான சளிப் பரிசோதனை அன்றே போக வேண்டும்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்கையில் சேர்க்க வேண்டுமா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கர்ப்-65 என்ற மதிப்பெண் முறைக்கு ரத்த யூரியா ஒன்று மட்டுமே ஆய்வகத்திலிருந்து தேவை. மனக்குழப்பம், யூரியா உயர்வு, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, குறைந்த ரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு மதிப்பெண். இதில் பயிற்சி மருத்துவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்கப் புத்தகங்களில் வரம்பு ஏறக்குறைய 20 மில்லிகிராம் என்று இருக்கும். அது யூரியாவிலுள்ள நைட்ரஜனின் அளவு. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் முழு யூரியாவை அளந்து தருவதால், நமக்கு வரம்பு டெசிலிட்டருக்குச் சுமார் 42 மில்லிகிராம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், நலமாக இருப்பவருக்கும் ஒரு மதிப்பெண் கூடிவிடும். இன்னொன்று, இந்த முறையில் ஆக்சிஜன் அளவுக்கு இடமே இல்லை. இளைஞர் ஒருவர் 86 சதவீத ஆக்சிஜனோடு, மதிப்பெண் சுழியமாக உட்கார்ந்திருக்கக்கூடும். அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சேர்க்க வேண்டிய நோயாளி என்று முடிவானதும், ஊசி போடுவதற்கு முன் இரண்டு மாதிரிகள் எடுத்துவிட வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது: ஒன்று சளி, இன்னொன்று ரத்தம். அமெரிக்க வழிகாட்டுதல், கடும் நிமோனியா உள்ளவர்கள், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ, சூடோமோனாஸ் ஆகிய கிருமிகளுக்குச் சேர்த்து மருந்து தரப்படுபவர்கள் அல்லது முன்பு அவை தொற்றியவர்கள், கடந்த மூன்று மாதங்களுக்குள் மருத்துவமனையில் தங்கி ஊசி வழி ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் என்ற அளவோடு இந்தக் கல்ச்சர்களை நிறுத்திக்கொள்கிறது. இந்திய வழிகாட்டுதலோ மருத்துவமனையில் சேரும் எல்லோருக்கும் எடுக்கச் சொல்கிறது. நம் நாட்டில் மருந்துக்கடைகளிலேயே ஆன்டிபயாடிக் எளிதாகக் கிடைப்பதையும், நிமோனியா போல் வரும் நோய்கள் நமக்கு அதிகம் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இந்திய நிலைப்பாடே நமக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

சளி எடுப்பது சாதாரண வேலை என்று நினைத்து, டப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். நோயாளி வாயில் ஊறும் உமிழ்நீரைத் துப்பி, மூடி போட்டு வைப்பார். எங்களோடு வேலை பார்த்த மூத்த டெக்னீஷியன் ஒருவர் இதைச் செய்யும் விதத்தைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் கற்றோம். வார்டுக்குத் தாமே போய், நோயாளியைச் சற்று நிமிர்த்தி உட்கார வைத்து, “அய்யா, முதல்ல வெறும் தண்ணியில வாயை நல்லா கொப்பளிச்சுத் துப்பிடுங்க. மூச்சை மூணு தடவை ஆழமா இழுத்து விடுங்க. நெஞ்சுலேர்ந்து வர்ற சளிதான் வேணும், எச்சில் வேண்டாம்” என்பார். இருமி வெளியே வந்த சளி துருப்பிடித்த நிறத்திலோ, கட்டியாகச் சீழ் போலவோ இருந்தால் தலையசைத்து டப்பாவை வாங்கிக்கொள்வார். நுரைத்த எச்சிலாக இருந்தால் இன்னொரு டப்பாவைத் திறந்து கொடுப்பார். வாங்கிய மாதிரியைத் தாமதிக்காமல் மேசைக்குக் கொண்டுவந்துவிடுவார். இரண்டு மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்தை அடைய வேண்டும்.

அங்கே முதல் வேலை கல்ச்சர் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், வந்தது சளிதானா என்று பார்ப்பதே முதல் வேலை. கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிக் கிராம் சாயமேற்றி, குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு வட்டத்துக்கு எத்தனை செல்கள் என்று எண்ணுவோம். கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து உதிரும் தட்டையான செல்கள் பத்துக்கும் குறைவாகவும், சீழ் செல்கள் இருபத்தைந்துக்கும் அதிகமாகவும் இருந்தால், அது நெஞ்சிலிருந்து வந்தது. தட்டைச் செல்களே நிறைந்திருந்தால் அது எச்சில். அதில் கல்ச்சர் போட்டு ஒரு பெயரை எழுதி அனுப்புவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. மாதிரி தகுதியற்றது, மறுபடியும் அனுப்புக என்று திருப்பி எழுத ஆய்வகத்துக்கு உரிமையும் கடமையும் இருக்கின்றன. நல்ல மாதிரியில் உயர்ந்த உருப்பெருக்கத்துக்குப் போனதும், இளஞ்சிவப்புச் சீழ் செல்களுக்கு இடையே, முனை குவிந்த இரட்டை இரட்டையான ஊதாக் கோளங்கள், தம்மைச் சுற்றி ஒரு தெளிந்த வெள்ளை வளையத்தோடு தெரியும். நிமோகாக்கஸ். மாதிரி மேசைக்கு வந்து அரை மணி நேரத்துக்குள், மிகக் குறைந்த செலவில், மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடக்கூடிய விடை இது. அந்த விடை வந்தால், மூன்று மருந்துகளில் தொடங்கியவர் ஒன்றிரண்டைக் குறைக்கத் துணிவார். இதைவிடப் பயனுள்ள மலிவான பரிசோதனை ஒன்றை நிமோனியாவில் நான் அறியேன்.

வயதானவர்களால், நீர்ச்சத்து வற்றியவர்களால் பல நேரம் சளி கொண்டுவரவே முடியாது. அவர்களைக் காத்திருக்க வைத்து மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. நோய் கடுமையாக இருந்தால் ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஊசியைப் போட்டுவிட வேண்டும். ரத்தம் எடுக்கச் சில நிமிடங்களே ஆகும் என்பதால், ‘அவசரம், அதனால் கல்ச்சர் எடுக்கவில்லை’ என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

ரத்தக் கல்ச்சரில் நம் மருத்துவமனைகளில் செய்யப்படும் பெரிய சிக்கனம் ரத்தத்தின் அளவில்தான். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் எட்டிலிருந்து பத்து மில்லிலிட்டர் வேண்டும்; இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து இரண்டு தொகுதிகள் எடுக்க வேண்டும். ஒரே பாட்டிலில் இரண்டு மில்லிலிட்டரை ஊற்றி அனுப்பி, கிருமி வளரவில்லை என்ற அறிக்கை வந்ததும் ‘ரத்தத்தில் தொற்று இல்லை’ என்று குறிப்பில் எழுதிவிடுகிறார்கள். முறையாக எடுத்தாலும், மருத்துவமனையில் சேரும் நிமோனியா நோயாளிகளில் ஏறக்குறைய 5 முதல் 14 சதவீதம் பேருக்குத்தான் ரத்தத்தில் கிருமி கிடைக்கும். கிடைத்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை. தோலைச் சரியாகத் துடைக்காமல் எடுத்தால் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை வளர்ந்து, தேவையற்ற வான்கோமைசினுக்கு வழிவகுக்கும். ஊசி ஏற்றும் முன் கிருமிநாசினி காய்வதற்குக் காத்திருக்கும் அரை நிமிடம் அவ்வளவு முக்கியமானது.

சிறுநீரில் பார்க்கும் இரண்டு பரிசோதனைகளில் நிமோகாக்கஸுக்கானது, மருந்து தொடங்கிய பிறகும் விடை தரும் என்பதால், தாமதமாக வந்தவர்களிடம் பயன்படும். இரண்டாவது லெஜியோனெல்லாவுக்கானது. 1976 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில், பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் விடுதியில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டைத் தொடர்ந்து 221 பேர் நோயுற்று, 34 பேர் இறந்தார்கள். நாட்டின் தலைசிறந்த ஆய்வகங்கள் மாதக்கணக்கில் தேடியும் காரணம் பிடிபடவில்லை. ஆண்டு மாறும் நேரத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ஜோசப் மெக்டேட் அந்தக் கிருமியை அடையாளம் கண்டார். கிருமிகளை வளர்க்கும் வழக்கமான வளர்ப்பு ஊடகங்களில் அது வளராது, கிராம் சாயத்தையும் சரியாக ஏற்காது, பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்கும் அடங்காது. தேடினால் மட்டுமே கிடைக்கும் கிருமி என்பதற்கு அதுவே சான்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் நிமோனியா நோயாளிகளுக்கும், அண்மையில் விடுதியில் தங்கிப் பயணம் செய்தவர்களுக்கும் இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை அக்கிருமியின் முதல் ரகத்தை மட்டுமே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி நம் மண்ணில் தவறாமல் நினைக்க வேண்டிய மூன்று நோய்களுக்கு வருகிறேன். மேலைநாட்டு வழிகாட்டுதல்களை அப்படியே பின்பற்றினால் தவறவிடக்கூடியவை இவைதான்.

முதலாவது காசநோய். சில நாட்களாகக் காய்ச்சல், எக்ஸ்ரேயில் மேற்பகுதியில் நிழல், சளி என்று வருபவருக்குச் சாதாரண நிமோனியா என்று எண்ணி லீவோஃப்ளாக்சசின் கொடுத்தால், அவருக்கு இருப்பது காசநோயாக இருந்தாலும் ஒரு வாரத்தில் கொஞ்சம் தேறியதுபோல் இருக்கும். அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயாளி வீட்டுக்குப் போய், மாதக்கணக்கில் குடும்பத்துக்குப் பரப்பிவிட்டு, எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமியோடு திரும்பி வரக்கூடும். இதனாலேயே இந்திய வழிகாட்டுதல் இந்த மருந்துக் குடும்பத்தை நிமோனியாவுக்கு முதல் மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய் உண்டா, அது முதன்மைக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடும்; கோவா நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட், பேட்டரியில் இயங்குவதால் வட்டார மருத்துவமனை வரை போயிருக்கிறது. அரசு மையங்களில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. கிராம் சாயத்துக்கு எடுத்த அதே காலைச் சளியில் ஒரு பங்கைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பிவிட்டால், நோயாளியை இரண்டாம் முறை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் வாழும் உண்ணிப்பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது. தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் அதிகம். காய்ச்சலும் தலைவலியுமாகத் தொடங்கி, ஒரு வாரத்தில் இரு நுரையீரல்களிலும் நிழல் படர்ந்து, மூச்சுத்திணறலோடு வந்து சேர்வார்கள். செஃப்ட்ரியாக்சோன் எத்தனை வேளை போட்டாலும் அசையாது. டாக்சிசைக்ளினுக்கு ஓரிரண்டு நாளில் அடங்கும். இதற்கென உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் எதிர்மறையாக வரலாம். ஆனால் நோயாளியின் உடலை முழுமையாகப் பார்த்தால், அக்குளிலோ, தொடையிடுக்கிலோ, மார்பகத்தின் அடியிலோ, இடுப்புப் பட்டை படும் இடத்திலோ, சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரிய பொருக்கு பலருக்குத் தென்படும். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. திரையை இழுத்துவிட்டு, துணியை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். பெண் நோயாளிகளுக்குச் செவிலியர் சகோதரிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டாவது இதைச் செய்தே ஆக வேண்டும். கூச்சத்தால் விட்டுவிட்ட பரிசோதனைக்கு எந்த இயந்திரமும் ஈடாகாது.

மூன்றாவது மெலியாய்டோசிஸ். 1911–12இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணக்கூறாய்வுகளில் கண்டு முதன்முதலில் விவரித்த நோய் இது. ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் கிருமி, மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் நிற்பவரை, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவரை எளிதில் பற்றுகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரையோடு நடவு வேலைக்குப் போய்வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கடும் நிமோனியாவோடு வந்தால், கல்ச்சர் படிவத்தில் ‘மெலியாய்டோசிஸ் சந்தேகம்’ என்று மருத்துவர் இரண்டு சொல் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், ஆய்வகம் அதைச் ‘சூடோமோனாஸ் வகை’ என்று முடித்துவிடும் வாய்ப்பு அதிகம். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், அமாக்சிசிலின்–கிளாவுலனேட்டுக்கு அடங்கும் ஒரு கிராம் நெகட்டிவ் கிருமி வந்தால், மேசையில் இருப்பவர் கையை நிறுத்தி யோசிக்க வேண்டும். கிருமி வளர்ந்த தட்டைத் திறந்து மோந்து பார்க்கும் பழைய வழக்கம் இங்கே கூடவே கூடாது. மூச்சின் வழியே ஆய்வகத்தாருக்கே தொற்றும். சரியாகக் கண்டால், செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ ஊசியாகவும், பின்னர் கோ-ட்ரைமாக்சசோல் மூன்று மாதமும் தர வேண்டும். சாதாரண நிமோனியாவென்று ஏழு நாளில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

சேரும் ஒவ்வொருவருக்கும் சர்க்கரை பார்ப்பதைப் போலவே, ஒப்புதல் பெற்று எச்ஐவி பரிசோதனையும் செய்வது என் பரிந்துரை. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில், சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வில். இன்று மாவட்டமெங்கும் நம்பிக்கை மையங்கள் கட்டணமின்றிச் செய்துதருகின்றன. எச்ஐவியால் நோயெதிர்ப்பு குன்றியவர்களைப் பூஞ்சை தாக்குவதால் வரும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவை யோசிக்க அந்த ஒரு விடை போதும். காய்ச்சல் பருவத்தில் இன்ஃப்ளுயன்சாவுக்கான மூக்குத் தொண்டைச் சளியில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும் அப்படித்தான்: ஓசெல்டாமிவிர் என்ற தனி மருந்து இருப்பதால் விடை தெரிந்தால் சிகிச்சை மாறும்.

சிகிச்சையை மாற்றாத விடைகளுக்காகச் செலவழிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. காய்ச்சல் என்றாலே எழுதப்படும், டைஃபாய்டுக்கான விடால் பரிசோதனைக்கு நிமோனியாவில் வேலையே இல்லை. சிஆர்பி உயர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பாக்டீரியாவா வைரஸா என்று முடிவு செய்ய முடியாது. பாக்டீரியாத் தொற்றில் ரத்தத்தில் உயரும் புரோகால்சிடோனின் குறைவாக இருந்தாலும் எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியானால் ஆன்டிபயாடிக் தொடங்கிவிட வேண்டும் என்று 2019 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. கொரோனா காலத்தில் நம் மக்கள் சிடி ஸ்கேன் மையங்களின் வாசலில் வரிசையில் நின்று, இருபத்தைந்துக்கு எத்தனை என்ற மதிப்பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அஞ்சியதை எல்லோரும் பார்த்தோம். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. எக்ஸ்ரே தெளிவாகக் காட்டும் நிமோனியாவுக்குச் சிடி தேவையில்லை. சிடி கிருமியின் பெயரைச் சொல்லாது. எக்ஸ்ரே சரியாக இருந்தும் சந்தேகம் வலுவாக இருக்கும்போதும், மூன்று நான்கு நாளில் தேறாதபோதும், புற்றுநோயோ நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்போ இருக்கலாம் என்று தோன்றும்போதும் அதற்கு இடம் உண்டு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கப் படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட் போதும்; நீர் கணிசமாக இருந்தால் ஊசியால் எடுத்து அதன் பிஎச் அளவைப் பார்க்க வேண்டும். 7.2க்குக் கீழே போயிருந்தால் குழாய் வைத்து வடிக்காமல் எந்த ஆன்டிபயாடிக்கும் தீர்க்காது.

ஒரே மாதிரியில் இருபது முப்பது கிருமிகளைத் தேடும் பிசிஆர் தொகுப்புகள் இப்போது தனியார் மருத்துவமனைகளில் வந்துவிட்டன, விலை ஆயிரக்கணக்கில். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, நோயெதிர்ப்பு குன்றியவருக்கு அவை உதவும் என்பதை ஏற்கிறேன். எல்லோருக்கும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொண்டையில் சும்மா தங்கியிருக்கும் கிருமியின் மரபுப்பொருளையும் அது காட்டிவிடும். அமெரிக்காவில் சிகாகோ, நாஷ்வில் நகரங்களில் 2010 முதல் 2012 வரை மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. கல்ச்சர், பிசிஆர், சிறுநீர், ரத்தம் என்று கையிலிருந்த வழிகள் பலவற்றையும் பயன்படுத்தியும், 2,259 பேரில் 38 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது ஒரு கிருமி கிடைத்தது. அதிலும் வைரஸ்களே முன்னணியில் இருந்தன. நிமோகாக்கஸ் 5 சதவீதம். எவ்வளவு தேடினாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெயர் கிடைக்காது என்பதை நோயாளியின் குடும்பத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ‘இத்தனை டெஸ்ட் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லையா?’ என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான விடை உண்டு: கிருமியின் பெயர் தெரியாமலேயே பெரும்பாலானோர் குணமடைகிறார்கள், பெயர் தெரிந்தால் மருந்தைச் சுருக்கவும் திருத்தவும் முடியும் என்பதற்காகவே தேடுகிறோம்.

சுருக்குவதும் திருத்துவதும் நடக்க வேண்டுமானால், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வரும் கல்ச்சர் முடிவை யாராவது படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்த கல்ச்சரின் விடை ஞாயிற்றுக்கிழமை கணினியில் ஏறி, திங்கட்கிழமை மதியம்வரை யார் கண்ணிலும் படாமல் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முக்கியமான கிருமி வளர்ந்தால் ஆய்வகத்திலிருந்தே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்வதும், சொன்ன நேரத்தையும் கேட்டவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுவதும் எங்கள் இடத்தில் வழக்கமாகியிருக்கிறது. பெனிசிலினுக்கு அடங்கும் நிமோகாக்கஸ் என்று சொன்னதும், மறுமுனையில் இருக்கும் பயிற்சி மருத்துவர், “அப்போ அமாக்சிசிலினுக்கு மாத்திடலாமா சார்?” என்று கேட்பார். மாற்றலாம், காய்ச்சல் விட்டு, வாயால் சாப்பிட முடிகிறதென்றால் மாத்திரையாகவே மாற்றலாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எக்ஸ்ரேயை மறுபடியும் எடுக்க வேண்டியதில்லை. நோயாளி நன்றாக இருந்தாலும் நிழல் அப்படியே இருக்கும். அது முழுமையாக மறைய வாரக்கணக்கில் ஆகும், முதியவர்களுக்கு இன்னும் நீளும். அதைப் பார்த்து அஞ்சி மருந்தை நீட்டுவது தவறு. ஐம்பது வயதைக் கடந்த, பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களை மட்டும் ஆறு வாரம் கழித்து ஒரு எக்ஸ்ரேயோடு வரச் சொல்ல வேண்டும். அப்போதும் நிழல் அதே இடத்தில் இருந்தால், அதன் பின்னால் கட்டி எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சிடி எடுப்பது சரியான செலவு.